தண்ணிச் சூடுதான் மீனோட உடம்புச் சூடு

ஊட்டிப் பக்கம் போனவங்க ட்ரவுட் மீனைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. அது நம்ம ஊர் மீன் இல்ல, குளிர் நாட்டு மீன். பிரான்சிஸ் டேன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர், இந்திய மீன்களைப் பத்திப் பெரிய புத்தகம் எழுதினவர், 1863-லேயே அதை நீலகிரியில வளர்க்கப் பார்த்தார். கைகூடல. நாற்பது வருசத்துக்கு மேல கழிச்சு, 1907 வாக்கில், வில்சன் என்பவர் முயற்சியில அவலாஞ்சியில குஞ்சு பொரிப்பகம் வந்த பிறகுதான் ட்ரவுட் அங்க நிலைச்சது. இன்னைக்கும் அது மலையை விட்டு இறங்கல. தண்ணி 20 டிகிரியைத் தாண்டினாலே அதுக்குத் திணறல்தான்.

1939-ல் சிலோனிலிருந்து கண்ணாடிக் கெண்டை ஊட்டிக்கு வந்தது. ஆனா சமவெளிக் குளங்களுக்குத் தோதா அமைஞ்சது, 1957-ல் பாங்காக்கிலிருந்து வந்த கெண்டை. இனம் ஒண்ணுதான், பழகின தண்ணி வேற.

வெயிலோ குளிரோ, நம்ம உடம்புச் சூடு 37 டிகிரியிலேயே நிக்கும். மீனுக்கு அப்படி இல்ல. தண்ணி எவ்வளவோ உடம்பும் அவ்வளவு. கட்லா, ரோகு எல்லாம் 25லிருந்து 30 டிகிரி வரை நல்லா தின்னு வளரும். 20-க்குக் கீழ போனா இரை எடுக்கிறது குறைஞ்சிடும்.

அதுக்காக சூடு ஏற ஏற வளர்ச்சியும் ஏறிக்கிட்டே போகாது. 20 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கும். 30 டிகிரியில ஏழரைதான். மீனோட உடம்போ சூட்டில இன்னும் அதிகமா ஆக்சிஜன் கேட்கும். வரவு குறையுது, செலவு கூடுது. அந்த நேரத்துல உடம்புக்குள்ள முரட்டு ஆக்சிஜன் துணுக்குகள் பெருகி, துரு இரும்பைத் தின்கிற மாதிரி செல்களை அரிக்கும். இதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்னு சொல்றாங்க. அதை அடக்க கேட்டலேஸ் மாதிரி நொதிகளை உடம்பு கூடுதலா உண்டாக்கணும். வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்து காவலுக்குப் போயிடும்.

குடிமராமத்து ஒழுங்கா நடந்த காலத்துல ஏரி வண்டலை அள்ளி வயலுக்கு அடிச்சாங்க. வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம். சித்திரை வெயில்ல மேல்தண்ணி சுட்டாலும் மீன் மடுவுக்கு இறங்கிக்கும். இப்ப பல ஏரி மேடாகி இடுப்பளவு தண்ணிதான் நிக்குது. முழுத் தண்ணியும் சுட்டா மீன் எங்க போகும்?

கத்திரியில மீன் செத்து மிதந்தா எவனோ விஷம் கலந்துட்டான்னு முதல்ல பேச்சு கிளம்புது. கலந்திருக்கலாம். ஆனா முந்தின நாள் விடியக்காலம் மீன் மேல வந்து வாயைப் பிளந்துச்சான்னு விசாரிங்க. ஏரியில கடைசியா எப்ப வண்டல் எடுத்தாங்கன்னும் கேளுங்க.