ஆறு ஊர், எட்டாயிரம் பேர், ஒரு தணிக்கை

போன்ல ஏ.க்யூ.ஐ. பார்க்கிற பழக்கம் உங்கள்ல நிறைய பேருக்கு இருக்கும். அதுல பி.எம். 2.5னு ஒரு எண் வரும். 2.5 மைக்ரானும் அதைவிடச் சின்னதுமான துகள்கள். ஒரு தலைமுடியோட தடிமன்ல முப்பதுல ஒரு பங்குகூட இருக்காது. இந்த எண் சும்மா ஒருநாள் சட்டப் புத்தகத்துக்குள்ள வந்து உட்காரலை. அதுக்குப் பின்னாடி அமெரிக்காவுல கால் நூற்றாண்டு ஆராய்ச்சியும், கிட்டத்தட்ட அதே அளவு சண்டையும் இருக்கு. அந்தக் கதையில சுற்றுச்சூழல் அறிவியல் இருக்கு, இதய மருத்துவம் இருக்கு, தரக் கட்டுப்பாடு இருக்கு. சொன்னா சிரிப்பீங்க, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது மூணாவதுதான்.

கண்ணுக்குத் தெரிகிற புகை ஆளைக் கொல்லும் என்பது பழைய செய்தி. 1948 அக்டோபரில் பென்சில்வேனியாவின் டொனோரா என்ற ஆலை நகரத்தில் சில நாள் புகைமூட்டத்திலேயே 20 பேர் இறந்தார்கள். 1952 டிசம்பரில் லண்டன் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. அதுல யாருக்கும் சந்தேகமில்லை. ஆனா புகைமூட்டம் எதுவும் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, நாம எல்லாரும் இழுக்கிற அந்தச் சாதாரணக் காத்து? அது வருஷக்கணக்கா உள்ள போனா ஆயுசைக் குறைக்குமா? இதுக்குத்தான் பதில் இல்லாம இருந்தது.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோலியம் விலை ஏறினால் நாடு மறுபடி நிலக்கரிக்குத் திரும்பும், காற்றில் கந்தகம் கூடும் என்று எதிர்பார்த்தார்கள். அந்தச் சூழலில் ஹார்வர்டில் பெஞ்சமின் ஃபெரிஸ், ஃபிராங்க் ஸ்பைசர் இருவரும் ஆறு ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு முனையில் விஸ்கான்சினின் போர்ட்டேஜ், சுத்தமான சின்ன ஊர். இன்னொரு முனையில் ஒஹாயோ ஆற்றங்கரையில் இரும்பு ஆலைகள் நிறைந்த ஸ்டூபன்வில். நடுவில் டொபீகா, வாட்டர்டவுன், ஹாரிமன், செயின்ட் லூயிஸ். 1970களின் நடுவில் 8,111 பெரியவர்களைச் சேர்த்தார்கள். சிகரெட் உண்டா, எவ்வளவு, எத்தனை வருடம், என்ன வேலை, எவ்வளவு படிப்பு, எடை என்ன என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள். ஊர்தோறும் காற்றை அளக்கும் கருவிகளை வைத்தார்கள். அப்புறம் காத்திருந்தார்கள்.

இந்தக் காத்திருப்பைத்தான் நாம கவனிக்கணும். பதினாலு, பதினாறு வருஷம். அதுக்குள்ள ஆளுங்க வீடு மாறுவாங்க, ஊர் மாறுவாங்க. அத்தனை பேரையும் விடாம விசாரிச்சு, யார் இருக்காங்க, யார் போயிட்டாங்கன்னு பார்த்து, போனவங்களோட இறப்புச் சான்றிதழைத் தேடி வாங்கி, அதுல எழுதியிருக்கிற காரணத்தைக் குறிச்சு வைக்கணும். 1,400 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள், அவர்களில் 98 சதவீதம் பேருக்குச் சான்றிதழ் கிடைத்தது. யாரும் சினிமா எடுக்காத வேலை இது.

1993 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வெளியானது. முதல் பெயர் டக்ளஸ் டாக்கரி. ஸ்டூபன்வில்லில் நுண்துகள் சராசரி ஒரு கன மீட்டருக்கு 29.6 மைக்ரோகிராம், போர்ட்டேஜில் 11. சிகரெட், வயது, உடல் எடை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும், ஸ்டூபன்வில்லில் இறப்பு விகிதம் 26 சதவீதம் அதிகம்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்திக்கிறேன். 2009இல் இந்தியா அறிவித்த தேசியத் தரத்தின்படி ஆண்டுச் சராசரி 40 வரை இருக்கலாம். ஆறு ஊர்லயே மோசமான ஊர் 29.6. சரி, கதைக்குத் திரும்புவோம்.

சுவாசிக்கிற காத்துன்னா நுரையீரல்தானேன்னு நினைப்போம். ஹார்வர்ட் குழுவே நுரையீரலைத்தான் முதன்மையாகப் பார்க்க ஆரம்பித்தது. ஆனால் கூடுதல் இறப்புகள் நுரையீரல் புற்றுநோயிலும், இதய-நுரையீரல் நோய்கள் என்ற பிரிவிலும் தெரிந்தன. மற்ற காரணங்களால் நேர்ந்த இறப்புகளில் அந்தத் தொடர்பு இல்லை. இது நல்ல அறிகுறி, ஏன்னா கணக்கே கோணலா இருந்திருந்தா எல்லா வகைச் சாவும் சேர்ந்து கூடியிருக்கும். பின்னர் 2004இல் ஆர்டன் போப் குழு இந்தப் பிரிவைப் பிரித்துப் பார்த்தபோது, முன்னால் நின்றது இதயம்: ரத்தக்குழாய் அடைப்பால் வரும் நோய். அதற்கு முன்பே, 2001இல், ஆனெட் பீட்டர்ஸ் குழு பாஸ்டனில் மாரடைப்பு வந்த 772 பேரை ஆராய்ந்திருந்தது. அட்டாக் வருவதற்கு முந்தைய ஓரிரு மணி நேரத்தில் நுண்துகள் கூடியிருந்தால் ஆபத்தும் கூடியிருந்தது. துகள் நுரையீரலின் ஆழத்துக்குப் போய் அழற்சியைக் கிளப்புகிறது. ரத்தம் உறையும் தன்மை, ரத்தக்குழாயின் உட்சுவர், இதயத் துடிப்பின் ஒழுங்கு எல்லாம் பாதிக்கப்படுகின்றன. 2004இல் அமெரிக்க இதய சங்கமே காற்று மாசைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது.

எதிர்ப்பும் வந்தது. அதுல ஒரு நியாயமான கேள்வி இருந்துச்சு: மொத்தமே ஆறு ஊர். ஆறு புள்ளியை வெச்சுக் கோடு போட்டா, அந்த ஊர்களுக்கு நடுவுல இருக்கிற வேற ஏதோ வித்தியாசம்கூட காரணமா இருக்கலாமே? அதற்குப் பதில் 1995இல் வந்தது. அமெரிக்கப் புற்றுநோய் சங்கம் திரட்டி வைத்திருந்த விவரங்களிலிருந்து, 151 நகரப் பகுதிகளில் ஐந்தரை லட்சம் பேரை எடுத்து போப்பும் டாக்கரியும் கணக்கிட்டார்கள். தொடர்பு அங்கேயும் இருந்தது, அளவு கொஞ்சம் குறைவு.

1997இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முதல்முறையாக பி.எம். 2.5க்கு வரம்பு வைத்தது: ஆண்டுச் சராசரி 15. மின்நிலையம், டிரக், எஃகு என எல்லாத் தொழிலையும் அது தொட்டது. தொழில் தரப்பு கேட்டது ஒன்றே ஒன்று: மூல விவரங்களைக் கொடு. ஹார்வர்ட் மறுத்தது. உங்க பெயரும் நோயும் வெளியே போகாது என்று அந்த எட்டாயிரம் பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். சின்ன ஊர்ல ஒருத்தர் இறந்த தேதியும் காரணமும் தெரிஞ்சா ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? ஆனாலும், காட்டமாட்டேன், நம்புன்னு சொல்ற ஆராய்ச்சியை வெச்சு ஒரு நாட்டுக்கே சட்டம் போடலாமா? ரெண்டு பக்கமும் எனக்கு நியாயம் தெரியுது.

வழி காட்டியது ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிட்யூட். பாதிப் பணம் அரசு முகமையிடமிருந்தும் பாதி வாகனத் தொழிலிடமிருந்தும் வரும் அமைப்பு, அதனால் இரு தரப்பும் அதை ஏற்றுக்கொண்டது. ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் டேனியல் க்ரூஸ்கி தலைமையில் ஒரு குழுவை நியமித்தார்கள். விவரங்கள் அந்தக் குழுவுக்குப் போயின, பொதுவெளிக்குப் போகவில்லை.

குழு முதலில் செய்தது தணிக்கை. கம்ப்யூட்டரில் இருந்த எண்ணிலிருந்து பின்னோக்கி நடந்து, இருபது வருடத்துக்கு முன் பேனாவால் நிரப்பிய படிவம் வரை போனார்கள். தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டில் டிரேசபிலிட்டி என்பார்களே, அதேதான். பழைய படிவங்கள் பத்திரமா இருந்தன. தப்பும் கிடைச்சது. ஒரு புரோகிராம் கோளாறால் சிலருடைய காலக்கணக்கு முன்கூட்டியே நின்றுபோயிருந்தது. மொத்தத்தில் சுமார் 1 சதவீதம். அதைச் சரிசெய்து போட்டபோது 26 சதவீதம் 28 ஆனது.

அதோட நிறுத்தலை. வேற வேற கணித முறைகளிலும் போட்டுப் பார்த்தார்கள், மூல ஆய்வில் இல்லாத காரணிகளையும் சேர்த்தார்கள். 2000இல் வந்த அறிக்கை மூல முடிவுகளை உறுதிசெய்தது. ஆனால் முழுக்க வசதியான அறிக்கை இல்லை. கந்தக டை ஆக்சைடுக்கும் தொடர்பு வலுவாகத் தெரிந்தது, ஆகவே பழியெல்லாம் துகளுக்கே என்று சொல்லிவிட முடியவில்லை. இன்னொன்று, படிப்பு குறைந்தவர்களிடம் பாதிப்பு கூடுதல். ஒரே ஊர், ஒரே காத்து, ஆனா அடி ஒரே மாதிரி விழலை. என்னைக் கேட்டா அந்த அறிக்கையிலேயே முக்கியமான வரி இதுதான்.

2001 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, காற்றுத் தரத்தை நிர்ணயிக்கும்போது முகமை செலவைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. வரம்பு தப்பியது. ஆனா சண்டை முடியலை. மூல விவரத்தைத் திறந்து காட்டாத ஆய்வுகளுக்கு மதிப்பைக் குறைக்கும் விதி ஒன்றை 2018இல் முகமையே முன்மொழிந்தது. 2021 ஜனவரியில் அது இறுதியானது, பிப்ரவரியில் நீதிமன்றம் ரத்துசெய்தது.

இதுக்கு நடுவுல ஹார்வர்ட் குழு அந்த ஆறு ஊர்க்காரர்களைத் தொடர்ந்து பார்த்துக்கிட்டே இருந்தது. 2006இல் அடுத்த கணக்கு வந்தது. காற்று எந்த ஊரில் எவ்வளவு சுத்தமானதோ, அந்த அளவுக்கு இறப்பு ஆபத்தும் இறங்கியிருந்தது. ஸ்டூபன்வில்லும் அந்தப் பட்டியல்ல இருந்தது.