அப்பம் ஒன்று, பந்தி இரண்டு

திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டு உண்பதால் எல்லோரும் ஒரே உடலாகிறோம் என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். ஆனால் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தைப் படித்தால் சங்கதி வேறு. வசதியானவர்கள் முந்திவந்து தின்று குடித்துவிடுகிறார்கள், இல்லாதவன் பசியோடு நிற்கிறான். அதைக் கண்டித்தே பவுல் எழுதுகிறார். திருவிருந்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்தே ஒரு பந்தித் தகராறில் பிறந்ததுதான் தோழர்களே.

நம் மண்ணில் அந்தத் தகராறு சாதியாக வந்தது. தஞ்சைச் சபைகளில் வெள்ளாளக் கிறிஸ்தவர்களுக்கு ஓரிடம், பறையர் கிறிஸ்தவர்களுக்கு வேறிடம். அப்பமும் கிண்ணமும் முதலில் அவர்களுக்கு, பிறகே நம்மவர்களுக்கு. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாக, முற்றாக ஒழியவேண்டும் என்று கடிதம் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் அது வாசிக்கப்பட்டதும் வெள்ளாளர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். பிறகு வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதி விஷயத்தில் விட்டுக்கொடுத்ததால் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இன்றும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளை எழுதிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், திருவிருந்தில் சாதிகளைக் கலப்பதை மிஷனரிகள் செய்யும் கொடுமைகளில் ஒன்றாகவே எழுதிவைத்தார். (பாடும்போது இதையும் நினைவில் வைப்போம்.) இந்தச் சண்டையின் வரலாற்றில் வெள்ளைக்காரர்களும் வெள்ளாளர்களும்தான் பேசுகிறார்கள். கடைசியில் கிண்ணம் வாங்கியவர்களின் குரலைத் தேடித்தான் எடுக்கவேண்டியிருக்கிறது.

1847-இல் மதுரை அமெரிக்க மிஷன் இன்னும் ஒரு படி போனது. உபதேசியார்கள் எல்லாச் சாதியினரோடும் கலந்து உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்றது. பலர் மறுத்து வேலையை இழந்தார்கள். ஒரு துண்டு அப்பத்தைச் சகித்துக்கொண்டவர்களால் ஒரு பிடி சோற்றைச் சகிக்க முடியவில்லை.

சபைகளின் ஐக்கியம் என்றால் பாடப்புத்தகங்கள் 1919 தரங்கம்பாடி மாநாட்டில் தொடங்கி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்ததில் முடிக்கும். 28 ஆண்டுப் பேச்சில் பெரிய சிக்கல் எது? பேராயர் பட்டம், குருப்பட்டம், யார் கையால் கொடுத்தால் திருவிருந்து செல்லும் என்பது. பக்கத்தில் நின்று வாங்குகிறவன் யார் என்ற நம் கேள்வி அந்த அளவுக்கு மேசைக்கு வரவில்லை. இத்தனைக்கும் 18-ஆம் நூற்றாண்டிலேயே கோவிலுக்குள் சாதிவாரியாக உட்காரவைத்த ஊர் அதே தரங்கம்பாடி.

அந்தக் கேள்வியை அடுப்படிக்கே கொண்டுபோனவர், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோபிலஸ் அப்பாவு, நம் பறட்டை அண்ணன். கிராமிய இசையில் வழிபாடு அமைத்த அவர், திருவிருந்தை ஒரே உலையில் பொங்கி எல்லோரும் பகிர்ந்துண்பதாகப் பார்த்தார். துண்டு அப்பத்துக்குத் தீட்டு பார்க்காமல் சமாளித்துவிடலாம். ஆனால் ஒரே உலை என்றால் யார் வீட்டு அரிசி, யார் கை சமையல், யார் வீட்டு முற்றம் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாகவேண்டும்.