பசியாறிய ஊர்: ஸ்கூடாயில் மலிவுச் சோற்றின் வரலாறு

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர், ஆண்டவர்களின் பெயர்களையும் சாலைகள் திறக்கப்பட்ட ஆண்டுகளையும் தேடித் தொகுப்பர். அவ்வூரில் உழைத்த மக்கள் எங்கே உண்டனர், என்ன விலை கொடுத்து உண்டனர், கையில் காசு இல்லாத நாளில் யார் அவர்களுக்குச் சோறிட்டனர் என்பனவற்றை எழுதுவோர் அரியர். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாட வந்த பட்டினப்பாலைப் புலவர், அறச்சாலைகளில் சோறு வடித்த கஞ்சி தெருவில் ஓடிய செய்தியை விட்டுவிடவில்லை. கப்பலையும் சுங்கச் சாவடியையும் பாடியவர் கஞ்சியையும் பாடினார். அவ்வழியில், ஜொகூர் மாநிலத்துச் சிறு நகரமாகிய ஸ்கூடாயை அதன் அடுப்படி வழியே நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

ஜொகூர் பாருவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், தன் பெயரையே கொண்ட ஆற்றின் கரையில் அமைந்தது ஸ்கூடாய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெமெங்கோங் இப்ராஹிம், சிங்கப்பூரிலிருந்து வந்த சீனர்களுக்கு ஆற்றங்கரை நிலங்களை மிளகும் கம்பீரும் பயிரிடக் கொடுத்தார். அதற்கு அவர் வழங்கிய உரிமைப் பத்திரத்திற்குச் ‘சூராட் சுங்கை’ என்று பெயர். ஆற்றுப் பத்திரம் எனலாம். 1844இல் ஸ்கூடாய் ஆற்றுக்கு வழங்கப்பட்ட பத்திரம் இம்முறைக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. பத்திரம் பெற்ற தலைவன் ‘கங்சூ’ எனப்பட்டான். அவனது குடியிருப்பு ‘கங்கார்’. ஸ்கூடாயை அடுத்துள்ள கங்கார் பூலாய் இன்றும் அப்பெயரைச் சுமந்து நிற்கிறது.

நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி ஒன்று இங்கே உண்டு. கங்சூவுக்கு நிலத்தின் மேல் மட்டும் உரிமை இருக்கவில்லை. அபின், மது, சூதாட்டம், அடகு, பன்றி இறைச்சி விற்பனை ஆகிய யாவும் அவன் கையில் இருந்தன. காட்டினுள்ளே கம்பீர் இலையைக் காய்ச்சிய தொழிலாளிக்கு அரிசி வேண்டுமெனில் அது சிங்கப்பூர் வணிகனிடமிருந்து கடனாக வரவேண்டும். விளைச்சலை அவ்வணிகனுக்கே விற்கவேண்டும். அரிசியின் விலையும் விளைச்சலின் விலையும் ஒருவனே வைக்கும் விலை. ஆகவே ஸ்கூடாயில் முதன்முதலாகத் தோன்றிய ‘உணவு ஏற்பாடு’ மலிவுக்காகத் தோன்றியதன்று. தொழிலாளியைக் கட்டிவைக்கத் தோன்றியது. கங்சூ முறை 1917இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அதற்குள் ரப்பர் வந்துவிட்டது. கங்சூவின் இடத்தில் கங்காணி நின்றான். தமிழகத்து ஊர்களிலிருந்து ஆள்கட்டி வந்த கங்காணிகள் பலர் தோட்டத்தில் கடையும் வைத்தனர். விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய பால்மரத் தொழிலாளிக்குக் காலை உணவு, முந்தைய நாள் சோற்றில் ஊற்றிய தண்ணீரும் ஒரு மிளகாயும். பகலில் தூக்குச் சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் மரத்தடிக்கு வந்தன. உணவுக்கடை என்பது சம்பள நாளுக்கு மறுநாள் பட்டணம் போனால் மட்டுமே கிட்டும் இன்பம். இட்டிலியும் தோசையும் அன்று திருவிழாப் பண்டங்கள் என்றால் இன்றைய மாணவர் நம்ப மறுப்பர்.

இம்மக்கள் நமக்கு விட்டுச் சென்ற சொல் ஒன்றை இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தல் தகும். மலேசியத் தமிழர் காலை உணவைப் ‘பசியாறல்’ என்பர். “பசியாறிட்டீங்களா?” என்று கேட்பதே காலை வணக்கம். தமிழகத்தின் கடற்கரையூர்களில் வாழும் முஸ்லிம்களிடையேயும் இச்சொல் வழங்குகிறது. தமிழ்நாட்டின் பிற பகுதிகள் ஆங்கிலேயனிடமிருந்து ‘டிபன்’ என்பதை வாங்கிக்கொண்டபோது, கூலிக்காரன் எனப் பிறர் எள்ளிய நம் முன்னோர் தூய தமிழ்ச் சொல்லைக் காத்து வைத்திருந்தனர். உண்ணுதலை அன்று, பசி தணிதலையே அச்சொல் குறிக்கிறது. பசியை நன்கு அறிந்தவர்களே இப்படியொரு பெயரை நாள்தோறும் சொல்லியிருக்க முடியும்.

பசியின் கொடுமை உச்சம் தொட்டது சப்பானியர் ஆட்சியில். போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கி உண்ட நாடு. 1942 முதல் 1945 வரை அவ்வரவு அற்றுப்போகவே மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. போர் முடிந்த பின்னும் அரிசிப் பங்கீடு நீடித்தது. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில், புதிதாக அமைந்த சமூக நலத் துறை 1946இல் ‘மக்கள் உணவகங்கள்’ என்பவற்றைத் திறந்து 35 காசுக்கு ஒரு வேளை உணவு வழங்கியது. அதே 1946இல்தான் மலாயாவில் விலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் பிறந்தது. ஏழையின் தட்டில் விலை எழுதும் வேலையை அரசு ஏற்ற ஆண்டு அது எனக் கொள்ளலாம்.

இனி, கடைகளின் வருகையைக் காண்போம். தோட்டத்துச் சமையல் வீட்டுக்குள்ளே இருந்தவரை ஸ்கூடாயில் பெரிய உணவுக்கடைகளுக்கு வேலையில்லை. நெடுஞ்சாலையோரத்துச் சீனர் காப்பிக்கடை, லாரி ஓட்டிகள் நிற்கும் ஒட்டுக்கடை, மலாய்க்கார அம்மா ஒருவர் வாழையிலையில் மடித்து விற்கும் நாசி லெமாக் என்ற அளவில் அமைந்திருக்கும் அன்றைய சிறு நகரங்களின் கடைத்தெரு. இந்நிலையை மாற்றியவை இரண்டு.

ஒன்று, பல்கலைக்கழகம். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் 1985இல் ஸ்கூடாயில் முறைப்படி திறக்கப்பட்டது. 1990இல் சவுத்தர்ன் கல்லூரியும் இவ்வூரில் தோன்றியது. வீட்டை விட்டு வந்து அளவான பணத்தில் மாதம் முழுவதும் உண்ணவேண்டிய இளைஞர் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தனர். தாமான் யுனிவர்சிட்டி என்னும் குடியிருப்பின் பெயரே யாருக்காக அங்கே அடுப்புகள் எரிகின்றன என்பதைச் சொல்லிவிடும்.

மற்றொன்று, தோட்டங்களின் மறைவு. ரப்பர் சாய்க்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. ரினி தோட்டம் இருந்த நிலத்தில் இன்று முத்தியாரா ரினி நிற்கிறது. தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி மட்டும் பழைய கதைக்குச் சாட்சி. தாமான் துன் அமினா தமிழ்ப்பள்ளியின் பெயரோ, தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த தமிழரின் புதிய முகவரியைக் காட்டும். லயத்தை விட்டு வந்த குடும்பத்தில் கணவன் தம்போயிலோ செனாயிலோ தொழிற்சாலைக்குப் போனான்; மனைவியும் போனாள். இரவு வேலை, பகல் வேலை என முறை மாறிய வீட்டில் யார், எந்நேரம் சமைப்பது? நம் பெண்கள் சமையலை மறந்தார்கள் என்று மேடையில் குறைகூறும் பெரியோர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. மலிவான சாப்பாட்டுக்கடை சோம்பலின் அடையாளமாகத் தோன்றவில்லை. இருவர் உழைத்தால்தான் வீட்டுக் கடன் தீரும் என்ற நிலையிலிருந்து தோன்றியது.

அவ்வாறு தோன்றிய கடைகளில் தமிழர் பங்கு பெரிது. பினாங்குத் துறைமுகத்தில் காவடித்தடியின் இருபுறமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்களின் பண்டமே ‘நாசி கண்டார்’. அத்தோள்சுமை கடையாகி, நாடெங்கும் மாமாக் கடைகளாகப் பெருகிற்று. ரொட்டிச் சானாயும் தே தாரிக்கும் இன்று இந்நாட்டு மூவினத்தாருக்கும் பொதுவான பசியாறல். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் மற்றொரு வகை. சோறும் காய்கறியும் இரசமும் கேட்கக் கேட்க இடுவது அவற்றின் வழக்கம்; கறிக்கும் மீனுக்கும் தனிவிலை. வேலைக்காரனுக்கு அதைவிடக் கட்டுப்படியான ஏற்பாடு வேறில்லை. சீனரின் கலவைச் சோற்றுக் கடையில் பல தட்டுகளிலிருந்து நாமே எடுத்துக்கொள்ள, கடைக்காரர் கண்ணால் அளந்து விலை சொல்வார். ஜொகூர் மலாய்க்காரரின் ‘காச்சாங் பூல்’ எகிப்தியரின் அவரைப் பண்டத்திலிருந்து வந்தது. ரொட்டியும் முட்டையும் அவரைக் குழம்பும் ஒருவனை நண்பகல்வரை தாங்கும். மலிவு எங்கே என்று அறிய விரும்பும் புதிய மாணவன் விளம்பரப் பலகையைப் பார்க்கவேண்டா. நண்பகல் 12 மணிக்குக் கட்டட வேலையாட்களும் லாரி ஓட்டிகளும் எந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்துகிறார்கள் என்று பார்த்தால் போதும். அவர்கள் நாள்தோறும் தம் பையில் உள்ளதை எண்ணி உண்பவர்கள். ஏமாற்றும் கடைக்கு இரண்டாம் முறை போகமாட்டார்கள்.

கடைக்காரர்கள் அளித்த பெருஞ்சலுகை விலைக்குறைப்பன்று, கடன். மூன்று ஐந்துகளை அட்டையில் தாங்கிய சிறு குறிப்பேடு ஒன்று இந்நாட்டு மளிகைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் பல ஆண்டுகள் ஆட்சி செய்தது. ‘555 புத்தகம்’ என்றால் நாற்பதைக் கடந்தவர் முகத்தில் ஒரு சிரிப்பு மலரும். வாடிக்கையாளர் பெயரும் தொகையும் அதில் ஏறும். சம்பள நாளில் கோடு விழும். வட்டியில்லை, சாட்சியில்லை. கங்காணிக் கடையின் கணக்குத் தொழிலாளியைக் கட்டியது. இக்கணக்கோ அவனை மாதக் கடைசி வரை கரை சேர்த்தது. இரண்டும் கடனே ஆயினும், முன்னதில் வேறு கடைக்குப் போகும் வழி அவனுக்கு இல்லை; பின்னதில் உண்டு. வேறுபாடு முழுவதும் அவ்வொன்றில் அடங்கும். இதனை வகுப்பில் விளக்கியபோது ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், “அது யாருடைய கைப்பேசி எண், ஐயா?” என்று கேட்டான்.

இவ்வூரின் விலைகளைப் புரிந்துகொள்ள நீரிணையையும் கணக்கில் கொள்ளவேண்டும். 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலமும், 1998இல் துவாஸ் நோக்கித் திறக்கப்பட்ட இரண்டாம் பாலமும் ஸ்கூடாயைச் சிங்கப்பூரின் அண்டை வீடாக்கின. 1973 வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கொன்று சமமாக மாற்றத்தக்கன. அவ்வாண்டு அவ்வுறவு முறிந்தது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று மலேசிய வெள்ளிக்கு மேல் கிடைக்கிறது. எனவே ஒரே மேசையில் ஒரே சோற்றை உண்ணும் இருவரில், பாலம் கடந்து வேலை செய்பவனுக்கு அது மலிவு. உள்ளூர்த் தொழிற்சாலையில் வேலை செய்பவனுக்கு அதே சோறு விலை மிகுந்தது. கடைக்காரர் யாருடைய பையைப் பார்த்து விலை வைப்பார்? 2022 சூன் முதல் நாள் மலேசியா மாதம் 36 இலட்சம் கோழிகள் வரையான ஏற்றுமதியை நிறுத்தியபோது, சிங்கப்பூரின் கோழிச்சோற்றுக் கடைகள் கலங்கின. இரு கரைகளின் அடுப்புகளும் ஒரே கூடையிலிருந்து எடுத்தே சமைக்கின்றன என்பது அன்று எல்லாருக்கும் விளங்கிற்று. கோழிக்கான விலைக் கட்டுப்பாடும் மானியமும் 2023 நவம்பரில் நீக்கப்பட்டன.

அந்த 2023ஆம் ஆண்டிலேயே, சனவரி 31ஆம் நாள், ‘மெனு ரஹ்மா’ என்னும் திட்டம் தொடங்கியது. சோறும் காய்கறியும், கோழி, மீன், முட்டை முதலியவற்றுள் ஒன்றும் சேர்ந்த ஒரு வேளை உணவு 5 வெள்ளி. இதைத் தொடங்கிய உள்நாட்டு வாணிக, வாழ்க்கைச் செலவின அமைச்சர் சலாஹுடின் அயூப், ஸ்கூடாயை அடுத்த பூலாய்த் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அவர் அவ்வாண்டு சூலை 23ஆம் நாள் காலமானார். முஸ்லிம் உணவக உரிமையாளர் சங்கமாகிய பிரெஸ்மா உள்ளிட்ட அமைப்புகள் திட்டத்திற்குக் கைகொடுத்தன. தமிழ்நாட்டில் 2013இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்தோடு இதை ஒப்பிடுவோர் உண்டு. அங்கே இட்டிலி ஒரு ரூபாய், சாம்பார்ச் சோறு ஐந்து ரூபாய். ஆனால் அங்கே சமைப்பதும் இழப்பை ஏற்பதும் மாநகராட்சி. 1946இன் மக்கள் உணவகத்திலும் அரசே சமைத்தது. மெனு ரஹ்மாவில் சமைப்பவர் கடைக்காரர்; அரசு கேட்டுக்கொள்கிறது, அவர் தாமாக முன்வருகிறார். அதனால் அது எளிதில் பரவியது. அதனாலேயே கடைக்குக் கடை அதன் தரமும் அளவும் மாறின. ஒரு தட்டின் இழப்பை மற்றொரு தட்டின் ஆதாயத்தால் ஈடுசெய்யக்கூடிய பெரிய கடைக்கு அது இயலும். கணவனும் மனைவியும் நடத்தும் ஆறு மேசைக் கடைக்கு?

மலிவின் சுமை எவர் தோளிலோ இறங்கித்தான் ஆகவேண்டும். குறைந்த அளவு ஊதியம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி 2022இல் 1,500 ஆகவும் 2025இல் 1,700 ஆகவும் உயர்ந்தது. உயர்ந்தது நன்றே. ஆனால் ரொட்டி வீசும் கல்லின்முன் நிற்க உள்ளூர் இளைஞர் வருவதில்லை. 2018இல் அன்றைய மனிதவள அமைச்சர் மு. குலசேகரன், உணவகச் சமையற்காரர்கள் உள்நாட்டவராகவே இருக்கவேண்டும் என்று அறிவித்தபோது, முதலில் அதிர்ந்தவர்கள் நம்மவர் கடைக்காரர்களே. எதிர்ப்பு எழவே, அது பரிந்துரை மட்டுமே என விளக்கப்பட்டது. தமிழகத்திலிருந்து ஒப்பந்தத்தில் வரும் சமையற்காரரே இன்றும் பல கடைகளின் பின்கட்டில் நிற்கிறார். விடியுமுன் எழுகிறார், கடைக்கு மேலுள்ள அறையில் மற்றவரோடு படுக்கிறார், சம்பளத்தை ஊருக்கு அனுப்புகிறார். நூறாண்டுக்கு முன் பெரட்டுக்கு ஓடியவரின் நாளும் இப்படித்தான் தொடங்கியது. நாம் ஒரு வெள்ளி மிச்சம் என்று மகிழும் தட்டை அவரே கழுவி அடுக்குகிறார்; நாம் எழுந்து போன பிறகு, பிற்பகல் மூன்று மணிக்குமேல்தான் அவர் பசியாறுகிறார்.