காடை முட்டையில் கண்ட ரத்தவழி

கண்ணின் முன்புறத்தில் இருக்கும் கார்னியாவில் ரத்தநாளங்கள் கிடையாது. அது கண்ணாடிபோல் தெளிந்திருக்க அதுவும் ஒரு காரணம். வைட்டமின் ஏ இல்லாத தீனி தின்ற எலிகளின் கார்னியாவுக்குள் ஓரத்திலிருந்து மெல்லிய நாளங்கள் ஊடுருவின. பெசியும் வோல்பாக்கும் 1939இல் இதைப் பதிவு செய்தார்கள். அவர்களுடைய கட்டுரையின் மையப் பொருள் ரைபோஃபிளேவின் குறைபாடு; வைட்டமின் ஏ அதில் ஒரு பக்கக் குறிப்பு. இந்தச் சத்து குறைந்தால் நாளம் பெருகும் என்றே அந்தக் குறிப்பைப் படித்த எவருக்கும் தோன்றும்.

பத்தாண்டு கழித்து வந்த சான்று இதற்கு நேர்மாறாக இருந்தது. வில்சனும் வார்க்கனியும் வைட்டமின் ஏ குறைந்த தாய் எலிகளின் குட்டிகளை ஆராய்ந்து, இதயத்திலும் பெருந்தமனி வளைவிலும் பிறவிக் கோளாறுகள் இருப்பதை 1949இல் வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் குறிப்பிட்ட நாட்களுக்குள் சத்தைத் திரும்பக் கொடுத்தால் பல கோளாறுகளைத் தடுக்க முடிந்தது. நாள் தவறினால் பயனில்லை. ரத்தநாள வரலாற்றில் காலக்கணக்கு நுழைந்தது இங்கேதான் என்று சொல்லலாம்.

ஆனால் கருவுக்குள் நடப்பதை நேரில் பார்க்க எலி வசதிப்படாது. அதற்கு உதவியது காடை. பறவைக்குத் தீனியில் வைட்டமின் ஏயின் வழக்கமான வடிவமான ரெட்டினாலுக்குப் பதிலாக, உடல் அதிலிருந்து தயாரிக்கும் ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்தால் அது நலமாக வளர்ந்து முட்டையிடும். ஆனால் அந்த அமிலம் முட்டைக்குள் போய்ச் சேராது. தாய்க்குக் குறைவில்லை, கருவுக்கு மட்டும் பஞ்சம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைஜா சைல் இத்தகைய முட்டைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அவற்றில் இதயம் உருவாகிறது. ஆனால் அறைகள் பிரியாமல் பை போல உப்பி நிற்கிறது. ரத்தம் வந்து சேரவேண்டிய பின்முனை மூடிக்கிடக்கிறது. வெளியே மஞ்சள்கருவின் மேல் விரியும் நாளங்களோடு அது இணைவதே இல்லை. நான்காம் நாள் வாக்கில் கரு இறந்துவிடுகிறது. அடைவைத்து ஏறத்தாழ ஒரு நாளுக்குள் ரெட்டினாயிடை, அதாவது வைட்டமின் ஏ வகைச் சேர்மத்தை, முட்டைக்குள் செலுத்தினால் கரு தப்புகிறது. அந்தக் குறுகிய கட்டம் கடந்துவிட்டால் எவ்வளவு கொடுத்தும் மீட்க முடிவதில்லை.

இச்சத்து செல்லுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பது 1987இல் தெளிந்தது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் பியர் ஷாம்போன் குழுவும் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் ரெட்டினாயிக் அமிலத்தின் ஏற்பியைத் தனித்தனியே கண்டுபிடித்தன. அமிலம் பற்றிக்கொண்டதும் இந்த ஏற்பி மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் செய்கிறது.

அதன்பிறகு சுண்டெலி பழைய முரணை அவிழ்த்தது. ரெட்டினாயிக் அமிலத்தைத் தயாரிக்கும் ரால்டிஎச்2 நொதி இல்லாத கருக்களைக் கேரன் ஹிர்ஷி குழு ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டது. நாளங்களின் உட்சுவர் செல்கள் அங்கே குறையவில்லை, கட்டுக்கடங்காமல் பெருகியிருந்தன. செல் பிரிவை நிறுத்தும் பி21, பி27 புரதங்கள் குறைந்திருந்ததே காரணம். பெருக்கம் நிற்காததால், முதலில் தோன்றிய வலைப்பின்னல் தமனி, சிரை என்று பெரிதும் சிறிதுமாகச் சீரமையவில்லை. தாய்க்கு ரெட்டினாயிக் அமிலம் ஊட்டியபோது நிலைமை சீரடைந்தது. எலியின் கார்னியாவில் நாளம் ஊடுருவியதையும் கருவில் நாளம் உருப்பெறாததையும் எதிரெதிர்ச் சான்றுகளாகப் பார்க்க இனி அவசியமில்லை. இரண்டு இடத்திலும் தவறியது ஒழுங்குதான்.

மருத்துவம் இதைப் பயன்படுத்திக்கொள்ள முயன்றதும் இயல்பு. கோழிக்கருவின் சவ்வில் ரெட்டினாயிடுகள் புதிய நாளங்களைத் தடுப்பதை 1989இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேறு ஆய்வுகளில் ரெட்டினாயிக் அமிலம் உட்சுவர் செல்களை வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கவைத்து நாளம் வளர உதவியது. அளவு, செல்லின் வகை, சூழல் ஆகியவற்றைச் சொல்லாமல் "வைட்டமின் ஏ நாளம் வளர்க்கும்" என்றோ "புற்றுக்கட்டிக்கு ரத்தம் போகாமல் தடுக்கும்" என்றோ விளம்பரம் செய்வது தவறு.

மிகுதியும் ஆபத்தே. முகப்பருவுக்கான ரெட்டினாயிடு மருந்தான ஐசோட்ரெட்டினாயின் 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கர்ப்பத்தில் அதை உட்கொண்ட 154 பேரைப் பற்றி 1985இல் வெளியான ஆய்வில் 21 குழந்தைகள் குறைபாடுகளோடு பிறந்திருந்தன. இதயமும் பெருநாளங்களும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் அவர்களில் இருந்தார்கள். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் இம்மருந்தை எக்காரணத்துக்கும் உட்கொள்ளக் கூடாது. அதிக அளவு வைட்டமின் ஏ மாத்திரைகளையும் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.