மெக்காலேயின் புலி

ஏற்காடு போகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளை வேடிக்கை பார்த்து, மிளகும் காபித்தூளும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். சேர்வராயன் கோயில் வரைக்கும் போகிறவர்கள் கொஞ்சம் குறைவு. மலையின் தலையில், 5,326 அடி உயரத்தில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போகணும். சேர்வராயனும் காவேரி அம்மனும் அங்கே குடியிருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் திரண்டுவிடும். மலையாளிகள் என்று பெயர். கேரளாக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மலையின் சொந்தக்காரர்கள்.

கோயிலைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். இன்றைக்கு அங்கே போகிற பாதை. சேலத்திலிருந்து ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒரே வளைவில் இரண்டு சம்பவங்கள் நடப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முதலாவது, ஒரு பஸ் கவிழ்கிறது. (2024 ஏப்ரல் 30 அன்று இந்தப் பாதையில் நிஜமாகவே கவிழ்ந்தது.) பின்னால் காரில் வந்த டாக்டர் ஒருவர் இறங்கி ஓடுகிறார். கையில் கருவி இல்லை, மருந்து இல்லை. நசுங்கிக் கிடக்கும் ஒருவரை வெளியே இழுத்து முதலுதவி செய்கிறார். இழுத்த இழுப்பில் கழுத்தெலும்பு நகர்ந்துவிடுகிறது. ஆள் பிழைக்கவில்லை.

இரண்டாவது, அடைமழையில் மண் சரிந்து ஒரு வீடு விழுகிறது. (2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது.) அதே டாக்டர். அதே ஓட்டம். அதே கழுத்து. அதே முடிவு.

முதல் சம்பவத்துக்காக டாக்டர் மேல் நஷ்ட ஈடு வழக்கு நிற்காது. சட்டம் அவரைக் கையைப் பிடித்துக் காப்பாற்றும். இரண்டாவதுக்கு? வழக்கு போடலாம். ஜெயிப்பார்களா என்பது வேறு விஷயம். கோர்ட்டு படியேறுவதே ஒரு தண்டனைதானே.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று புரிய, 1834-க்குப் போகணும்.

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபி பயிரை அறிமுகப்படுத்திய தலைமுறை அது. அந்த வருஷம் ஜூன் மாதம் மெட்ராஸில் வந்து இறங்கினார் மெக்காலே. வயது 33. பல்லக்கில் ஏறி ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் பார்த்தார். இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஊட்டியில் உட்கார்ந்துதான் எழுதினார் என்று ஊட்டிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நம்பாதீர்கள். அதற்கான கமிஷனே 1835-ல்தான் வந்தது. நகல் தயாரானது 1837. சட்டமானது 1860. அமலுக்கு வந்தது 1862. மெக்காலே அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தச் சட்டத்தின் 92-வது பிரிவை இப்போது படித்தாலும் சுவாரசியம் குறையவில்லை. ஒருவரைக் காப்பாற்றுவதற்காக நல்லெண்ணத்தோடு செய்கிற காரியம், அவர் சம்மதம் வாங்க அவகாசம் இல்லாதபோது, குற்றமாகாது என்கிறது. சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை, கதை சொல்கிறது. குதிரையிலிருந்து விழுந்து மயங்கிக் கிடப்பவரின் மண்டையோட்டைத் திறக்கும் சர்ஜன். தீப்பிடித்த வீட்டின் மாடியிலிருந்து, கீழே விரித்த கம்பளத்தில் குழந்தையைப் போடுபவர். எல்லாவற்றையும்விட ஒரு புலி. மனிதனைக் கவ்விக்கொண்டு போகிறது. துப்பாக்கி வைத்திருப்பவன் புலியைச் சுடுகிறான். குண்டு மனிதன்மேல் பாய்கிறது. சுட்டவன் குற்றவாளி இல்லை.

ஆனால் நல்லெண்ணம் என்பதற்கும் அதே சட்டம் ஒரு விளக்கம் வைத்திருந்தது. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது நல்லெண்ணத்தில் சேராது. கண்ணை மூடிக்கொண்டு சுட்டுவிட்டு, 'நல்லதுதானே நினைச்சேன்' என்று சொல்ல முடியாது. 2024 ஜூலை 1 அன்று தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 92 என்பது 30 ஆனது. புலி பத்திரமாக இருக்கிறது.

ஒரே சிக்கல், மெக்காலேயின் புலி ஜெயிலிலிருந்து மட்டும்தான் காப்பாற்றும். நஷ்ட ஈடு கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போகிறவரை அது தடுக்காது. அடிபட்டவனைத் தொட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலையணுமே என்ற பயத்தையும் அது போக்கவில்லை.

அந்தப் பயம் என்ன செய்தது என்பதற்கு உச்ச நீதிமன்றத்திலேயே சாட்சி இருக்கிறது. ஸ்கூட்டரில் போன ஒருவரைக் கார் அடித்துப் போட்டது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். 'இது போலீஸ் கேஸ், இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போ' என்றார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. பத்திரிகையில் செய்தி படித்த பரமானந்த் கட்டாரா வழக்கு போட்டார். 1989-ல் தீர்ப்பு. போலீஸ் சடங்கெல்லாம் அப்புறம், முதலில் உயிர் என்றது கோர்ட்டு.

தீர்ப்பு வந்தால் மட்டும் ஜனங்களுக்குத் தைரியம் வந்துவிடுமா? வரவில்லை. சேவ்லைஃப் என்கிற அமைப்பு 2013-ல் எடுத்த கணக்கில், உதவப் போவது சந்தேகம் என்ற ரகத்தில் இருந்தவர்கள் நூற்றுக்கு 74 பேர். அந்த அமைப்பு போட்ட வழக்கில்தான் 2016 மார்ச்சில் உதவுகிறவர்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உச்ச நீதிமன்றம் முத்திரை குத்தியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று புதுப் பிரிவு நுழைந்தது. கூலி எதிர்பார்க்காமல் உதவுகிறவர் கவனக்குறைவாகவே ஏதாவது செய்து ஆள் இறந்திருந்தாலும் சரி, சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது. பிரமாதமான பிரிவு.

பெயரைக் கவனியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம். வண்டி இருந்தால்தான் பாதுகாப்பு. மண் சரிவுக்குச் சக்கரம் கிடையாது.

சரி, பேரிடருக்குத் தனிச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். எங்கெங்கிருந்தோ டாக்டர்கள் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். யாரும் யாரிடமும் லைசென்ஸ் கேட்கவில்லை, யாரும் வக்கீலைக் கலந்துகொண்டு கிளம்பவில்லை. ஓராண்டு முடிய மூன்று நாள் இருக்கும்போது, 2005 டிசம்பர் 23 அன்று, பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது. அதன் 73-வது பிரிவு நல்லெண்ணச் செயல்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. யாருக்கு? அரசுக்கு, ஆணையங்களுக்கு, அதிகாரிகளுக்கு. கடைசியில், இவர்கள் சார்பாக வேலை செய்கிறவர்களுக்கு.

'சார்பாக'. பி.காம். படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா பேப்பரில் ஏஜென்சி அத்தியாயம் ஞாபகம் வரும். ஒருவர் சார்பாக வேலை செய்தேன் என்று சொல்ல, அவர் சொல்லியிருக்கணும், இல்லையென்றால் பின்னால் ஏற்றுக்கொள்ளணும். தானாக ஓடிவந்த டாக்டர் யார் சார்பாக ஓடினார்? மனசாட்சி சார்பாக. அதைச் சட்டத்தில் எந்த ஆணையமாகவும் குறிப்பிடவில்லை.

டாக்டருக்காவது வேறு சில குடைகள் உண்டு. எல்லோருக்கும் இலவசமாகச் செய்கிற வைத்தியம் நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 1995-ல் சாந்தா வழக்கில் தீர்ப்பு. பெரிய அளவு அலட்சியம் இருந்தால்தான் கிரிமினல் வழக்கு என்று 2005-ல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் தீர்ப்பு. இன்ஜினீயர் பாவம். விரிசல் விட்ட வீட்டின் முன்னால் குடும்பமே நனைந்துகொண்டு நிற்கிறது. 'உள்ளே போலாமா சார்?' என்று கேட்கிறார்கள். அரை மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்கிறார். ராத்திரி சுவர் விழுந்தால்? போகாதே என்று சொல்லிவிடுவது அவருக்குப் பத்திரம். குடும்பத்துக்கு ராத்திரி முழுக்க மழை.

கலிஃபோர்னியாவில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். 1959-லேயே வழியில் உதவும் டாக்டர்களுக்குச் சட்டம் போட்ட ஊர். பேரிடருக்குப் பின் முப்பது நாளுக்குள், அதிகாரி கேட்டுக்கொண்டதன் பேரில், சம்பளம் வாங்காமல் கட்டடத்தைச் சோதிக்கிற ஆர்க்கிடெக்ட்டும் இன்ஜினீயரும் வழக்குக்குப் பயப்பட வேண்டாம். படு அலட்சியமாக இருந்தால் மட்டும் பாதுகாப்பு போச்சு.

அமெரிக்கா என்றால் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல். நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில், வெளி மாநிலத்திலிருந்து ஓடிவந்த ஓர் எலும்பு டாக்டர், செத்துக்கொண்டிருந்த பெண்ணின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். 'உங்கள் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை, நிறுத்துங்கள்' என்றார்கள். வழக்கு வந்துவிடும் என்ற கவலைதான் காரணம் என்று பின்னால் அந்த டாக்டரே பத்திரிகைகளிடம் சொன்னார். அடுத்த வருஷமே ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார்கள். டாக்டர்களும் நர்ஸுகளும் முன்கூட்டியே பெயரைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். பேரிடர் வந்தால் வெளி மாநில லைசென்ஸும் செல்லும். பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன.

நம் ஊரில் அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை என்பதுதான் எரிச்சல். மாவட்டப் பேரிடர் ஆணையத்தின் தலைவர் கலெக்டர். நிபுணர்களை அழைத்துத் தன் உத்தரவின்கீழ் வேலை வாங்க அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மழைக்காலத்துக்கு முன்பே சேலத்து டாக்டர்கள், இன்ஜினீயர்கள் பட்டியல் ஒன்றைப் போட்டு, 'மாவட்ட ஆணையத்தின் சார்பாக' என்று ஒரு வரி எழுதி கலெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டால், 73-வது பிரிவின் குடைக்குள் வர வழி கிடைத்துவிடும். முன்கூட்டி முடியவில்லையா? மேலே போகிறவர் ஏற்காடு தாலுகா ஆபீஸில் நின்று, தாசில்தாரிடம் அந்த ஒரு வரியை எழுதி, தேதியும் நேரமும் போட்டு வாங்கிக்கொண்டு போகலாம். பாதை திறந்திருந்தால்.