மூணு மாசத்துக்கு அப்புறம்

நம் கூட்டமைப்பு மலருக்காகப் பயிற்சிகளின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். பழைய தீர்மானப் புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களைத் தொடங்கியது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரியும் அப்போது நம்மோடு இருந்தது, 2004-ல் பிரிந்தது. அந்தக் காலத்தில் பேச்செல்லாம் சேமிப்பு, கறவை மாட்டுக் கடன். தொழிற்பயிற்சி என்றால் தையல். ஒரே தெருவில் பத்துப் பேர் ஜாக்கெட் தைக்கக் கத்துக்கிட்டா, யார் யாருக்குத் தைக்கிறது? சான்றிதழ் பீரோவுக்குள்ள போச்சு, மிஷின் மேல துணி மூட்டை ஏறிச்சு. மகளிர் தையல் கூட்டுறவு சங்கத்தில் சேர்ந்து பள்ளிச் சீருடை தைத்தவர்கள் மட்டும் நின்றார்கள். அவர்கள் கற்றதும் அதே தையல்தான். தைக்கத் துணி கொடுக்க ஒரு இடம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

2014-ல் தீன்தயாள் உபாத்யாயா பெயரில் கிராமத்து இளைஞர்களுக்கான திறன் பயிற்சித் திட்டம் வந்தது. 15 முதல் 35 வயது வரை; பெண்களுக்கு 45 வரை. தங்க இடம், சாப்பாடு, முடித்ததும் வேலை. நம் பிள்ளைகள் ஓசூருக்கும் திருப்பூருக்கும் போனார்கள். தொடர்ந்து மூன்று மாதம் வேலையில் இருந்தால், வேலை கிடைத்தவர் என்று கணக்கில் ஏறும். நாலாவது மாசம் என்ன ஆச்சுன்னு அந்தக் கணக்கு கேக்காது. நமக்குத் தெரியும். அந்தப் பொண்ணோட அம்மா நம்ம வாரக் கூட்டத்துலதானே உக்காந்திருக்காங்க!

"பொண்ணு எப்படிக்கா இருக்கு?"

"வந்துட்டா கண்ணு."

தாக்குப்பிடிக்கலன்னு ஊர்ல பேசுவாங்க. சம்பளச் சீட்டைப் பாக்காத பேச்சு அது. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தது போக மிச்சம் எவ்வளவு, பஸ் செலவு எவ்வளவு என்று கூட்டிக் கழித்துத்தான் பல பிள்ளைகள் திரும்பினார்கள். கல்யாணத்துக்காகத் திரும்பியவர்களும் உண்டு. பவர் மிஷின் ஓட்டப் பழகி வந்தவர்களுக்கு ஊரில் இருப்பது கால் மிஷின். வங்கிக் கடனில் பவர் மிஷின் வாங்கியவர்கள் இன்றும் தைக்கிறார்கள்.

ஐடிஐ படித்த பிள்ளைகளின் கதை கொஞ்சம் வேறு. வெல்டர் ஒரு வருடம், ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் இரண்டு வருடம். அதற்குப் பிறகு 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேரலாம். பத்தாவதுக்கு மேல் இரண்டு வருட ஐடிஐ முடித்திருந்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு. ஒரு கம்பெனி சரியில்லை என்றாலும் கையில் இருக்கும் சான்றிதழை இன்னொரு வாசலில் காட்டலாம். ஆனாலும் பொம்பளப் பிள்ளைக்கு வெல்டிங் எதுக்குன்னு நம்ம குழுவுலயே கேட்டவங்க இருக்காங்க. 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு ஐடிஐக்கும் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அந்தக் கேள்வி கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

இப்போதெல்லாம் பயிற்சிக்கு ஆள் கேட்டு வருகிறவர்களை நம் செயலாளர் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒன்று கேட்கிறார்: "போன வருஷம் கூட்டிட்டுப் போனீங்களே, அவங்கல்லாம் இப்ப எங்க வேலை செய்றாங்க?" பெயரும் ஊருமாகப் பட்டியல் வந்த பிறகுதான் புதுப் பெயர்களை எழுதுகிறோம்.