ஊதாக் குழாயின் கதை

கழிவு என்ற சொல்லுக்கு வணிகர் வாயில் இன்னொரு பொருளும் உண்டு. விலையில் குறைத்துக் கொடுப்பதைக் கழிவு என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்பதுதான் அடிப்படை. அப்படி நீக்கப்பட்ட நீரைத் திரும்பவும் வரவு வைத்துக்கொண்ட ஓர் ஊரைப் பற்றிச் சில நாட்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன் அரிசோனாவுக்கு ஒரு நடை. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் விளிம்பில் 1905-இல் சான்டா ஃபே ரயில் நிறுவனம் எல் டொவார் என்னும் விடுதியைத் திறந்தது. கொலராடோ ஆறு கண்ணெதிரே ஓடுகிறது; ஆனால் ஏறத்தாழ ஒரு மைல் ஆழத்தில். விடுதிக்கு வேண்டிய நீர் நூறு மைலுக்கும் அப்பாலிருந்து ரயிலில் வந்தது. அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த நீரை ஒருமுறை பயன்படுத்திவிட்டுக் கொட்டுவதற்கு எவருக்கும் மனம் வராது. 1926-இல் அங்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. தெளிந்த நீர் தனிக் குழாய் வழியே புல்தரைக்கும் கழிப்பறைக்கும் கொதிகலனுக்கும் சென்றது. குடிநீருக்கு ஒரு குழாய், மறுநீருக்கு ஒரு குழாய் என்ற ஏற்பாட்டின் அமெரிக்கத் தொடக்கமாக இதையே குறிப்பிடுகிறார்கள்.

ஆனால் அது ஒரு விடுதி. ஒரு நகரமே அவ்வாறு அமைந்தது தெற்குக் கலிஃபோர்னியாவின் அர்வைனில். ஆண்டு மழை சுமார் 13 அங்குலம்தான். 1864 முதல் ஜேம்ஸ் அர்வைனும் கூட்டாளிகளும் வாங்கிச் சேர்த்த நிலம் ஒரு லட்சம் ஏக்கரைத் தாண்டியது. முதலில் ஆடுகள், பின்னர் பயறு வகைகள், ஆரஞ்சுத் தோட்டங்கள். 1960 வாக்கில் அர்வைன் நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கென 1,000 ஏக்கரை ஒதுக்கிக் கொடுத்தது. கட்டடக் கலைஞர் வில்லியம் பெரேரா அதைச் சூழ்ந்து ஒரு நகரை வரைந்தார். 1961-இல் அர்வைன் பண்ணை நீர் மாவட்டம் பிறந்தது. 1967-இல் அதன் மிக்கெல்சன் நிலையம் தெளியவைத்த நீரை வயல்களுக்கு அனுப்பத் தொடங்கியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நீர் முதலில் பாய்ந்தது அலங்காரப் புல்லுக்கல்ல, பயிருக்கு. தோட்டங்கள் ஒவ்வொன்றாக அலுவலக வளாகங்களாகவும் கடைத்தொகுதிகளாகவும் மாறியபோது, வயலுக்குப் போட்ட ஏற்பாட்டைப் புல்தரை சுவீகரித்துக்கொண்டது. இதைத் தொலைநோக்கு என்று புகழ்வோர் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. நிலம் பெரும்பாலும் ஒரே உடைமையாளர் கையில் இருந்தது. சாலை போடும் முன்பே இரண்டு குழாய்களைப் புதைக்க முடிந்தது. பழைய நகரமொன்றில் தெருத்தெருவாகத் தோண்டி இதைச் செய்வதென்றால் கஜானா காலியாகிவிடும்.

முறை ஒன்றும் மாயமல்ல. குப்பையைச் சல்லடையில் நிறுத்துவது, கசடைப் படியவைப்பது, காற்றூட்டி நுண்ணுயிர்களைத் தின்னவிடுவது, வடிகட்டுவது, குளோரின் இடுவது. மக்கள் நடமாடும் புல்வெளிக்கு வேண்டிய தூய்மையைக் கலிஃபோர்னிய மாநிலம் 1978-இல் எண்களில் வரையறுத்தது: 100 மில்லி லிட்டரில் கோலிஃபார்ம் நுண்ணுயிர்களின் இடைநிலை அளவு 2.2-ஐத் தாண்டக்கூடாது. அதற்குப் பிறகும் பொதுவாக ஆளில்லா இரவு நேரத்தில்தான் தெளிப்பான்கள் சுழல்கின்றன.

உண்மையான அச்சம் வேறிடத்தில் இருந்தது. மண்ணுக்குள் இரண்டு குழாய்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. என்றோ ஒருநாள் ஒரு பணியாள் தவறான குழாயைக் குடிநீரோடு இணைத்துவிட்டால்? நிறமே அதற்கான விடையாயிற்று. அமெரிக்காவின் நிலத்தடிக் குறியீட்டில் நீலம் குடிநீருக்கு, பச்சை சாக்கடைக்கு, மஞ்சள் எரிவாயுவுக்கு, சிவப்பு மின்சாரத்துக்கு என ஏற்கெனவே பங்கு பிரித்தாகிவிட்டது. மீந்திருந்த ஊதா மறுநீருக்கு வந்தது. அர்வைனிலிருந்துதான் அந்த வழக்கம் பரவியதென்பது பொதுவான கருத்து. பின்னர் மாநிலச் சட்டமே அந்நிறத்தைக் கட்டாயமாக்கியது. அந்த நம்பிக்கையில்தான் 1991-இல் அடுக்குமாடி அலுவலகங்களின் கழிப்பறைகளுக்கும் மறுநீரைக் கொண்டுசெல்ல அர்வைன் அனுமதி பெற்றது. குழாய்கள் மாறிக் கலந்துவிடவில்லை என்பதை அத்தகைய கட்டடங்களில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கொருமுறை சோதித்தாக வேண்டும்.

குறைகள் இல்லாமலில்லை. குளிர்காலத்தில் புல்லுக்குத் தாகமில்லை. சாக்கடையோ விடுமுறை எடுப்பதில்லை. மிஞ்சுவதைச் சேர்த்துவைக்கப் பண்ணைக் காலத்து நீர்த்தேக்கங்கள் கைகொடுத்தன. உப்பு மேலும் பிடிவாதமானது. மேற்சொன்ன படிகளில் எதுவும் கரைந்த உப்பை நீக்குவதில்லை. ஒவ்வொரு வீட்டின் சமையலறையும் சலவையும் தம் பங்குக்குச் சிறிது சேர்க்கின்றன. பல புல்வகைகள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. கலிஃபோர்னியாவின் பெருமையான செம்மரம் தாங்குவதில்லை. ஊதாக் குழாய் பாயும் வளாகங்களில் அம்மரத்தை நட்டால், அதன் இலைகள் நுனியிலிருந்து மெல்லக் கருகத் தொடங்குகின்றன.